முத்திரையில்லாத தாச்சிகள்

உருத்திரமூர்த்தியின் மரத்துப்போன வலது கைக்கு வார்ப்பிரும்பின் வயது தெரியும் என்பது 1985 பங்குனியில் சுவிஸின் ஓல்டனில் உறுதியானது. ஊரில் ஒரு இராணுவ முகாமில் மூன்று நாள் அந்தக் கையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அன்றோடு அதற்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. பனிக்காலத்தில் இடது கைக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டு, பாதிச் செலவு மிச்சம் என்பார். பழம்பொருள் கடையில் தாச்சி, அதாவது பொரிக்கிற இரும்புச் சட்டி, கழுவும் வேலை. முத்திரையோ பெயரோ இல்லாத தாச்சிகளின் வயதை மற்றவர்கள் அடியிலுள்ள வார்ப்புத் தழும்பையும் கைப்பிடித் துளையையும் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். இவர் பார்க்கவே மாட்டார். கையை வைத்ததும் வார்த்த பட்டறை, வருடம், எங்கே வெடிப்பு, அதற்கென்று வார்த்த மூடி இப்போது யார் வீட்டில் என்று வாய் தானாகச் சொல்லும். கடைக்காரி திருமதி றீஃப் பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு வருடம்கூடப் பிசகவில்லை. பிறகு மண்டலம் முழுவதிலிருந்தும் தாச்சிகள் வந்தன. வதிவிட அனுமதி அலுவலகத்து அதிகாரி வீஸ் கூடத் தன் தாயின் தாச்சியைக் கொண்டுவந்து காட்டிப் போனார்.

1988 தையில் மனைவி புனிதவதி வந்து சேர்ந்தாள். ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போட்டில் அவள் கலாவதி, பிறந்தது 1949. கல்யாணப் பத்திரம் வீட்டோடு எரிந்துவிட்டது. மனைவி என்று நிரூபிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உருத்திரமூர்த்திக்கு இன்னொரு பயமும் இருந்தது. ரயில் நிலையத்தில் அவர் நீட்டியது இடது கையை. வலது கையால் தொட்டு, அவளையும் உணராமல் போனால் என்ன செய்வது? புனிதவதி அதைக் கவனித்தாள்.

அலுவலகத்தில் வீஸ் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் யோகராஜா கூச்சத்தோடு சொன்னார்:

"தாச்சியளுக்கு வருசம் சொல்லுறனீங்கள்தானே, இவவுக்கும் சொல்லுங்கோவன் எண்டு கேக்கிறார், அண்ணை."

வேறு வழியில்லை. வலது கையை அவள் தோளில் வைத்தார். சூடு தெரியவில்லை, சேலை தெரியவில்லை. அப்போது வாய் பேசியது:

"காரைநகர். ஐம்பத்தாறு, ஆவணி. செய்தவ செல்லம்மா. இடது முழங்கையிலை ஒரு வெடிப்பு, பிறகு பொருந்தியிருக்கு. மூடி நான்."

"அப்ப நான் தாச்சியோ?" என்று கேட்ட புனிதவதி அங்கேயே அழுதாள். ஆறு வயதில் கிணற்றடியில் விழுந்து கை முறிந்ததை அவள் கணவனுக்கும் சொன்னதில்லை. வீஸ் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயில் வெடிப்பு இருந்தது, சொன்ன இடத்திலேயே. வீஸ் கலாவதியை வெட்டிவிட்டு, புனிதவதி, 1956 என்று எழுதினார். ஆதாரம் என்ற கட்டத்தில் "கை" என்று குறித்தார். மேலிடத்திலிருந்து யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வெளியே பனி கொட்டியது. அவள் அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாலத்தடியில் நின்று, இடது கையுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். இடது கை குளிர்ந்தது.