வால் ஒடியாத பூ

பேத்துப்பாறை ஊருக்கு மேலே, ஓடைக்கரைப் பாறையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள் செடி ஆராய்ச்சி செய்யும் தேவகுமாரி. காட்டுக் காசித்தும்பை எல்லாம் காய்த்து முடிந்திருந்தது. ஒரே ஒரு பூ கிடைத்தால் போதும்.

போன வருடம் இங்கே கிடைத்த கடைசி வெள்ளைப் பூவை, மற்றச் செடிகளைப் போலச் செய்தித்தாளில் வைத்து அழுத்திவிட்டாள். காசித்தும்பை வெறும் தண்ணீர். பிரித்தால் டீக்கறைதான் மிச்சம். உலர்த்திய இலை மட்டும் தப்பியது. அதன் டி.என்.ஏ. முடிவு இந்த வாரம் வந்துவிட்டது: தெரிந்த எந்த இனத்தோடும் ஒட்டவில்லை. ஆனால் அது சொன்னால் மட்டும் போதுமா? பூவின் இதழும், அதன் பின்னால் நீளும் வாலும் அதையே சொல்ல வேண்டாமா? இல்லையென்றால் புது இனத்துக்குப் பெயர் வைக்க இன்னொரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும்.

ஜீப் ஓட்டும் அவள் புருஷன் ஞானவேல் ஓடையின் அக்கரையிலிருந்து வந்து, அவள் பின்னலில் எதையோ செருகினான்.

"சும்மா இருங்க. தலைக்கு மேல சோலி கெடக்கு."

"அந்தப் பக்கம் வெள்ளப் பூவே இல்ல தேவி. செவப்புத்தான் ஒண்ணு இருந்துச்சு."

"எந்தச் செடியில?"

"அந்தா, தண்ணி சொட்டுற எடத்துல. எலை என்னமோ நீ காட்டுன எலைதான். கலரு வேறன்னு ஒனக்கு வச்சுவிட்டேன்."

அவள் கை அப்படியே நின்றது. போன வருடம் பார்த்தது வதங்கிய பூ. வெளுக்கும் முன் அது சிவப்பாக இருந்திருக்கக் கூடாதா?

"ஏங்க, இடுக்கியால மெதுவா எடுங்க. வால் ஒடிஞ்சா ராத்திரி சோறு கெடையாது."

"சமைக்கிறதே நாந்தான புள்ள."

"சிரிக்க வைக்காதீங்க, தலை ஆடுது."

கொண்டை ஊசி வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்புகிறவன் இடுக்கியை இரண்டு கையாலும் பிடித்தான். பூ முழுசாக வந்தது. டிபன் மூடித் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, ஊசியால் இதழ் இதழாகப் பிரித்து, லென்ஸை வைத்துப் பார்த்தாள். வாலின் நுனி நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தது. இதன் சொந்தக்காரப் பூ எதற்கும் அப்படிக் கிடையாது.

"என்னவாம்?"

"டி.என்.ஏ. சொன்னதையேதான் சொல்லுது."

அவனும் பார்க்கக் குனிந்தான். முழங்கை பட்டு, பக்கத்தில் நின்ற காசித்தும்பையின் முற்றிய காய்கள் படபடவென்று வெடித்தன. சட்டையெல்லாம் விதை.

"அசையாதீங்க," என்றாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மீசையில் ஒட்டியிருந்த முதல் விதையை இடுக்கியால் எடுத்தாள்.