ஜினிஷா உடைக்காத கட்டர்

"கட்டரை உடைச்சுப் போட்டியாமே மக்கா. போவட்டு, சாரமில்ல. இனி மில்லிங்கை ஜெனித்தே பாக்கட்டு. உனக்குத்தான் பில்லு போடுத வேலை இருக்கே" என்றார் சுந்தர்சிங்.

ஜினிஷா கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

சுந்தர்சிங் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மெஷின் செய்கிறவர். ரோலரின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கனத்த இரும்பு வளையங்களை இந்த ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுவருவார். வளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லிய கோடாக அறுத்துவிட வேண்டும். அப்போதுதான் போல்ட்டை முறுக்கும்போது அது தண்டை இறுக்கிப் பிடிக்கும். தட்டு போன்ற, விளிம்பெல்லாம் பல் வைத்த ஸ்லிட்டிங் கட்டரை மில்லிங் மெஷினில் மாட்டி அறுக்கிற வேலை. அந்தச் சின்ன மெஷின் ஜினிஷாவுடையது. ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கியது. அண்ணன் ஜெனித்துக்கு லேத்து.

முந்தின நாள் அவள் பேரிங் வாங்க மார்த்தாண்டம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மெஷினுக்கு அடியில் கட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது; பக்கத்தில் பாதி அறுபட்டுப் பாழான வளையம். "பழைய கட்டர்தானே, தானா தெறிச்சு" என்று ஜெனித் சொன்னான். அது பழையதல்ல என்று அவளுக்குத் தெரியும். யாருக்கும் கை தவறும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவன் லேத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தான். பேச்சு காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

"லேத்தை நிறுத்து" என்றாள் ஜினிஷா.

"ஏட்டி, ஆளு நிக்கியாவ."

"ஆளு நிக்கியதுனாலதான் சொல்லுதேன். நிறுத்து."

நிறுத்தினான். ஷெட்டில் சத்தம் அடங்கியது.

"நேத்து நான் எங்க இருந்தேன்?"

"மார்த்தாண்டத்துல."

"பின்ன கட்டரை உடைச்சது யாரு?"

ஜெனித் சுந்தர்சிங்கைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு இப்பிடியா?"

"நான் உடைச்சேன்னு சொன்னா எல்லாரும் நம்புவாவ. பொம்பளப் பிள்ள, கை தவறியிருக்கும்னு போயிருவாவ. நீ உடைச்சேன்னு சொன்னா உனக்குக் கொறச்சல். அதுதானே?" அவள் சுந்தர்சிங் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இத்தனை நாளா உங்க வளையத்தை அறுத்துத் தந்தது நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீங்களும் நம்பினீங்களே."

அவள் பாழான வளையத்தைக் கையில் எடுத்தாள்.

"வேற வளையம் இருக்கா?"

"வண்டியில கெடக்கு."

"எடுத்துட்டு வாங்க."

அவள் கட்டர் வைக்கிற பெட்டியைத் திறந்தாள். இந்தக் கோபத்தோடு கைப்பிடியைச் சுற்றினால் இன்னொரு கட்டரும் போய்விடும். வெளியே போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்தாள். கோபம் போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குத் திரும்பினாள்.

நேற்று அவன் எடுத்தது பொடிப்பல் கட்டர். திருகாணித் தலையில் மேலோட்டமாகக் கோடு போட அது போதும். இவ்வளவு கனத்தை அறுக்க இறங்கினால் பல்லுக்கு நடுவே இரும்புத்தூள் அடைத்துக்கொள்ளும். ஒதுங்க இடம் இருக்காது. அவள் அகலப் பல் கட்டரை எடுத்தாள். மெஷினின் தண்டில் மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். பெல்ட்டை இருப்பதிலேயே குறைந்த வேகத்துக்கு மாற்றினாள். அதுவரை அது நேற்று அவன் வைத்த அதிவேகத்திலேயே கிடந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் பல்லைக் கடித்தாள்.

பாழான வளையத்தில், பொருளை நெரித்துப் பிடிக்கும் வைஸ் கடித்த தழும்பு வளைந்த விளிம்பின் இரண்டு பக்கமும் இருந்தது. குறுக்காகப் பிடித்திருக்கிறான். அறுபட அறுபட, வைஸின் அழுத்தத்தில் பிளவு மூடிக் கட்டரைக் கவ்வியிருக்கும். அவள் புது வளையத்தைத் திருப்பி, தட்டையான இரண்டு முகங்களிலும் கீழ்ப்பாதியில் பிடித்தாள். இனி பிளவை நெருக்க எதுவும் இல்லை.

மெஷினைப் போட்டாள். பற்கள் சுற்றி வருகிற திசைக்கு எதிராக வளையத்தை நகர்த்தினாள். கூடவே நகர்த்தினால் கட்டர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு கையில் பிரஷ், எண்ணெய். மறு கை கைப்பிடியில். தூள் சுருள் சுருளாக வந்தது. மனசு "சீக்கிரம், சீக்கிரம்" என்றது. கை கேட்கவில்லை.

சுந்தர்சிங் பிளவுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். பழக்கதோஷத்தில் லேத்துப் பக்கம் பார்த்து, "ஜெனித்தே, மீதியை நாளைக்கு அனுப்பட்டா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட கேளுங்க" என்றாள் ஜினிஷா.

அவர் முகம் சிவந்தது. "சரி மக்கா. உங்கிட்டயே கேக்கேன். அனுப்பட்டா?"

"அனுப்புங்க."

வண்டிச் சத்தம் ரோட்டில் மறைந்ததும் ஜெனித் பொரிந்தான். "வெளி ஆளுக்க முன்னால எனக்க மானத்த வாங்கிட்டியேட்டி."

"எனக்க மானத்த நேத்தே நீ வித்துப்போட்டியே. நான் கேக்கக்கூட இல்லாத இடத்துல. இனி எனக்க மெஷின்ல கை வைக்காத."

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனான். சாப்பாட்டுக்கும் வரவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வெயில் சாய்ந்தபோது வந்தான். லேத்துப் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நான்தான் உடைச்சேன்னு சொல்லிட்டேன். அவருக்க பெஞ்சாதியும் இருந்தாவ."

ஜினிஷா நிமிர்ந்து பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை.

"அந்த வளையத்த எப்பிடிப் பிடிக்கணும்? ஒருக்கா காட்டித் தாயேன்."

"இன்னைக்கு இல்ல."

"இன்னும் கோவமா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினைத் துடைக்கத் தொடங்கினாள்.