ஆறாவது வெள்ளைக் கட்டை

1

இந்தக் கதை என்னுடைய ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. 'பழைய பியானோவின் சுருதி விலகல் மட்டும் காதை உறுத்தியது.' 2006 ஜனவரியில், நான் வேலை பார்த்த நாளிதழின் புதுச்சேரிப் பக்கத்தில், கீழ் மூலையில் வந்த ஆறு வரிச் செய்தியின் கடைசி வரி அது. எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. செய்தியாளனுக்கும் காது உண்டு என்று யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்தேன். கவனித்தார்கள்.

அந்த வரி செய்த காரியத்தைச் சொல்ல மூன்று வருடமாக முயல்கிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடற்காற்று ஜன்னல் வழியே நுழைந்து...' (வேண்டாம். இந்த ஊரைப் பற்றிய பாதிக் கதைகள் கடற்காற்றில்தான் தொடங்குகின்றன. இதில் அதற்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறது. பிறகு கூப்பிட்டுக்கொள்கிறேன்.)

அடுத்து: 'ரூமானாவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் ஒரு மேதை.' (முதல் வாக்கியம் தகவல். இரண்டாவதை நான் சொன்னால் போதாது. நீங்கள் சொல்ல வேண்டும்.)

ஆகவே தகவலோடு நிற்கிறேன்.

2

ரூமானாவின் அத்தா (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) பாவா, முல்லா வீதியில் தையல்கடை வைத்திருக்கிறார். பெரும்பாலும் பள்ளிச் சீருடைகள். கல்யாணம் என்றால் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துப் போகும்போது ஆண்கள் கூட்டமாகப் பைத்து என்னும் வாழ்த்துப் பாட்டைப் பாடிக்கொண்டு நடப்பார்கள். அதில் முதல் குரல் அவருடையது. மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

மகள் பியானோ கற்றது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில். கர்நாடக வாய்ப்பாட்டு, லாஸ்பேட்டையில் கல்லூரிக்குப் போன காலத்தில். வீட்டில் பியானோ வைக்க இடமில்லை. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு நண்பர்கள் சங்கத்தின் கூடத்தில் ஒன்று சும்மா கிடந்தது. தினமும் மாலை நாலிலிருந்து ஆறு வரை வாசிக்க அனுமதி வாங்கினாள். ஐந்து வருடம் வாசித்தாள்.*

அங்கே அவள் இயற்றியதுதான் 'ஏழு தெரு'. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டு வாசல் வரைக்கும் ஏழு தெரு, இருபத்தாறு நிமிடம். இடது கை நடந்துகொண்டே இருக்கிறது. வலது கை ஆனந்தபைரவி ராகத்தை விரிக்கிறது. பியானோக் கட்டையில் சுரத்தை அசைக்கும் கமகம் வராது. வராத இடங்களில் அவள் ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. அப்படியே வெற்றிடமாக விட்டாள். அசைவைக் கேட்பவரின் காது போட்டுக்கொள்கிறது. தெருமுனைகளில் பைத்தின் ஒரு வரி குறுக்கே வந்து போகிறது. ஏழாவது தெருவில், வாசலுக்கு எதிரே, ஒரே ஒரு சுரம் நீண்டு நிற்கிறது.

அதே கூடத்தில் அவள் அதை முதன்முதலாக வாசித்த கச்சேரிக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அந்தச் சுரம் வந்தபோது என் பேனா நின்றுவிட்டது. கையைப் பிடித்து யாரோ நிறுத்தியதுபோல இருந்தது. காரணம் தேடினேன். சுருதி சரியில்லை என்று முடிவுசெய்தேன். வீட்டுக்குப் போய் அந்த வரியை எழுதினேன்.

* அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. எண்பத்தெட்டுக் கட்டைகளுக்கும் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். 'மழை நாளில் ஒட்டிக்கொள்ளும்.' 'இருமல்.' 'அடித்தால் கோபம், தொட்டால் பேசும்.' நடு ஸா-விலிருந்து எண்ணினால் ஆறாவது வெள்ளைக் கட்டைக்கு எதிரே ஒரே சொல்: 'அத்தா.'

3

சங்கத்தின் செயலாளர் கலியபெருமாள், இந்த ஊரின் மிக நல்ல மனிதர்களில் ஒருவர். செய்தி வந்து பத்து நாளில் தொலைபேசினார். யாரையும் பிரெஞ்சு வழக்கப்படி 'மெஸ்யே' என்றுதான் கூப்பிடுவார்.

"மெஸ்யே, நீங்க எழுதனதப் படிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மெட்ராஸ்லேந்து ஆளக் கூட்டியாந்து எண்பத்தெட்டுக் கட்டையும் சரி பண்ணிட்டேன். வந்து கேளுங்க, கண்ணாடி மாதிரி இருக்கு! பொண்ணோட அடுத்த கச்சேரிக்கு வெளியூர்லேந்தெல்லாம் ஆளுங்க வராங்க."

பெருமையோடு போனேன். ரூமானா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பியானோ முன் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கட்டையை அழுத்தினாள்.

"இது இன்னா சொல்லுங்க சார்."

"தைவதம்."

"ஆமா. இப்ப வெறும் தைவதம்."

அப்புறம்தான் விளக்கினாள். ஆனந்தபைரவியில் தைவதம், அதாவது 'த' சுரம், இரண்டு வகை. அவள் அத்தா வாசலை நெருங்கும்போது நீட்டுகிற சுரம் இரண்டிலும் சேராது. நடுவில் எங்கோ நிற்கும். எந்தப் பியானோவிலும் அது கிடையாது, இந்த ஒன்றைத் தவிர. (இப்போது கடற்காற்றைக் கூப்பிடுகிறேன்.) உப்புக்காற்று இந்தப் பெட்டியின் கம்பிகளைத் தளர்த்தித் தளர்த்தி, அந்த ஒரு கட்டையை அத்தாவின் குரல் நிற்கிற இடத்துக்கே கொண்டுவந்திருந்தது. ஒருநாள் தற்செயலாக அதை அழுத்தியபோதுதான் 'ஏழு தெரு' அவளுக்குள் தொடங்கியது. மொத்தப் படைப்பும் அந்த ஒரு கட்டையை நோக்கித்தான் நடந்தது.

"ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கலாமேம்மா?"

"தெனம் வர்ற எடம் சார். வீட்டு வாசல யாராவது போட்டோ புடிச்சி வெப்பாங்களா?"

அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும் சார். மொத தடவையா என் பேரு பேப்பர்ல வந்துது. அத்தா வெட்டி மெஷின் மேல ஒட்டி வெச்சிருக்காரு."

4

பாவாவை எனக்கு எழுத வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவில் அவர் ஒரு சுவராக இருந்தார். 'மகளின் இசைக்குக் குறுக்கே நின்ற பாவா, கண்டிப்பான குரலில்...' (பாதியில் நிறுத்திவிட்டேன். தடங்கலே இல்லாமல் வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.)

நான் பார்த்த பாவா, வாரத்தில் இரண்டு நாளாவது சங்கத்தின் வெளிவாசலில், சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டு மகள் வாசிப்பதைக் கேட்பவர். மேடையில் பாட மட்டும் ஒப்பமாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பைத்து நடக்கறப்பப் பாடுறது சார். ஒக்காந்துனு இருக்கறவங்களுக்கு இன்னான்னு பாடுறது? மாப்பிள்ள எங்க?"

இதற்குப் பதில் ரூமானாவிடம் இருந்தது. அவர் ஏற மறுத்த மேடையில் அந்தக் கட்டையை ஏற்றியிருந்தாள். அதைத்தான் நான் இறக்கிவிட்டேன்.

5

கச்சேரிக்கு நாலு நாள் முன்பு, பியானோவுக்குச் சுருதி கூட்டிய சாமிக்கண்ணுவை நானே மறுபடி வரவழைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தப்பா இருக்கறத சரி பண்ணக் கூப்புடுவாங்க. சரியா இருக்கறத தப்பாக்கச் சொல்லிக் கூப்புட்டது நீங்கதான் சார்."

"தப்பு இல்ல சார், அது வேற எடம்," என்றாள் ரூமானா.

"சரிம்மா. எந்த எடம்?"

பாடிக் காட்டினாள். அவளுக்கே திருப்தியில்லை. கடைக்குப் போன் போட்டாள். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடித்து, கழுத்தில் இஞ்ச் டேப்போடு பாவா வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஆளுங்க யாரும் வரமாட்டாங்களே?"

"நாங்கதான் பாய். நம்பிப் பாடுங்க," என்றார் சாமிக்கண்ணு.

பாவா நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே பாடினார். குரல் மேலேறி அந்த இடத்துக்கு வந்தது. சாமிக்கண்ணு கம்பியின் முளையில் சாவியை மாட்டிக்கொண்டு கத்தினார்: "அங்கியே நில்லுங்க பாய்!"

"நின்னா வராதுங்க."

மறுபடி நடந்தார், மறுபடி பாடினார். இந்தத் தடவை ஒரு மயிரிழை கீழே.

"இன்னா பாய், எடம் மாறுதே!"

"கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறுங்க. மாப்பிள்ளயப் பொறுத்துது. போன மாசம் ஒருத்தன், முதலியார்பேட்டக்காரன், தலையவே தூக்கல. அவனுக்கு இன்னும் கீழ எறங்கிடுச்சு."

நானும் சாமிக்கண்ணுவும் சிரித்தோம். ரூமானா சிரிக்கவில்லை.

"அப்ப அஞ்சு வருஷமா நான் வாசிச்சது எந்த எடம் அத்தா?"

பாவா டேப்பைக் கையில் சுற்றினார். "எனக்கு எப்படிப் புள்ள தெரியும்? நான் ஒரு எடத்துல நின்னதே இல்ல. அது, என்னக் கேட்டுட்டு நீ நின்ன எடம்."

(இந்த வரியை நான் செதுக்கினேன் என்று நினைக்க வேண்டாம். எழுத்தாளன் செதுக்கியிருந்தால் இதை மகளுக்குக் கொடுத்திருப்பான். சொல்லிவிட்டு அவர், மூணு மணிக்கு ஒரு டெலிவரி இருக்கிறது என்று மணி பார்த்தார்.)

ரூமானா எழுந்து கையை நீட்டினாள். "சாவிய என்கிட்ட குடுங்க சார்."

"பழைய கம்பிம்மா. ஏத்தி எறக்கி ஏற்கெனவே நொந்து கெடக்குது. அறுந்துச்சின்னா நாலு நாள்ல வேற கம்பி கெடைக்காது. அப்புறம் அந்த எடமும் இல்ல, வெறும் தைவதமும் இல்ல."

"தெரியும் சார். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

நாங்கள் மூன்று பேரும் சைக்கிள் பக்கத்தில் நின்றோம். உள்ளே ஒரே கட்டை திரும்பத் திரும்ப ஒலித்தது. பிறகு ஒலிக்கவில்லை.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) கம்பி அறுந்தது. கச்சேரியில் ஏழாவது தெருவில் அவள் மௌனத்தை வாசித்தாள். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) கச்சேரி நடுவே பாவா எழுந்து பாடிக்கொண்டே மேடையை நோக்கி... (சினிமா. மேலும் அவர் உள்ளேயே வரவில்லை. வெளிவாசலில்தான் நின்றார்.)

இ) கம்பியைத் தொடத் துணியாமல் விட்டுவிட்டாள். வெறும் தைவதத்தையே வாசித்தாள். அரங்கம் எழுந்து கைதட்டியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. (நடந்திருக்கக்கூடியது இதுதான். எனக்குப் பயமும் இதில்தான்.)

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்தச் சுரம் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். கச்சேரி முடிந்ததும் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"சார், அந்த எடத்தப் பத்தி எழுதாதீங்க."

"நல்லபடியாத்தாம்மா எழுதுவேன்."

"நல்லபடியா எழுதனாலும் வேணாம் சார். எழுதனா யாராவது சரி பண்ணிடுவாங்க."

அவளுக்குப் பின்னால் கலியபெருமாள், வெளியூர் விருந்தாளி ஒருவருக்குச் சாமிக்கண்ணுவின் போன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் பேப்பரில் படம் மட்டும் வந்தது. படத்தின் கீழே அவளுடைய பெயர், படைப்பின் பெயர். அவ்வளவுதான். என் தொழிலில் நான் எழுதியவற்றில் பிழையே இல்லாத செய்தி அது.

7

ஆகவே இந்தப் பகுதி உங்களுடையது. மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, என்னுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தெரு கடந்துவிட்டது. இடது கை நடையைக் குறைக்கிறது. வெளிவாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். பாவா பாதியில் போகிறவராக இருந்தால் ஸ்டாண்டு போட்டிருக்க மாட்டார். ரூமானாவின் வலது கை உயர்ந்து, ஆறாவது வெள்ளைக் கட்டைக்கு மேலே வருகிறது.

பேனாவை மூடிவிட்டேன். உங்களுக்குக் கேட்டது எந்த இடம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். நான் எழுதிவிடுவேன்.