ஒப்புக்கொண்ட நாற்பது பேர்

எங்கள் தொழிற்சாலையில் செய்த தேயிலை, விற்றுப் போவதற்கு முன் தொண்ணூற்றாறு நாள் ஸ்டோரில் தவம் இருக்கிறதாம். பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தைந்தே நாள். கண்டுபிடித்தவர் கணக்கைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து உடப்புசல்லாவைக்கு ஏறி வந்த ஓடிட்டர் கிஷாந்த் ஐயா. விற்றதையும் இருப்பதையும் வைத்து வகுத்தால், சரக்கு வருசத்துக்கு எத்தனை தடவை ஸ்டோரைக் காலி பண்ணிவிட்டுப் போகிறது என்று தெரிந்துவிடுமாம். முப்பத்தொரு வருசம் சல்லடை அறையில் தூள் சலித்த எனக்கு இது தெரியாமல் போனது என் குறைதான்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஜீவராஜ் ஐயாவிடம் காரணம் தயாராக இருந்தது. “சல்லடை ரூம் பொம்பளைங்களுக்குக் கை ஓடாது சார். வாய்தான் ஓடும்.”

ஓடிட்டர் பின் வரிசை மூட்டை ஒன்றைக் காட்டிப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். காம்பும் தூசியும் கொட்டியது.

“என்னம்மா இது?”

“தரையில கூட்டி அள்ளுனதுங்க ஐயா. ரெண்டு வருசமா இங்கதான் கெடக்கு.”

புத்தகத்தில் அது முதல் தரத் தூளாம், விலையும் அப்படியே. “அது வேற ரகம் சார்,” என்றார் கிளாக்கர். உண்மைதான். அடுத்த மூட்டையில் ஒரு தேய்ந்த விளக்குமாறும் இருந்தது.

அதற்குப் பிறகு ஓடிட்டர் வர வேண்டிய கடனைப் பார்த்தார். ஏலத்தில் விற்ற தேயிலைக்கு ஒரு வாரத்தில் காசு வந்துவிடும். ஆனால் புத்தகப்படி, தோட்டத்துக்கு வர வேண்டிய பணம் வந்து சேர நூற்றுப் பத்து நாள் ஆகிறது.

“லயத்து ஆளுங்கதான் சார். தீபாவளி அட்வான்ஸ் வாங்குவாங்க, குடுக்க மாட்டாங்க,” என்றார் கிளாக்கர்.

லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் நாங்கள் கொடுப்பதில்லை என்பது சரிதான். கொடுக்கிற சிரமத்தை ஆபீஸ் எங்களுக்கு வைப்பதில்லை. சம்பளத்தில் மாதம் இரண்டாயிரமாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருகிறது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல, அறுநூறு பேரில் நாற்பத்தொரு பேருக்கு ஓடிட்டர் கடிதம் எழுதினார். ‘நீங்கள் தோட்டத்துக்கு இவ்வளவு தர வேண்டும். சரியென்றால் ஒப்பமிடுங்கள். தவறென்றால் எழுதுங்கள்.’ நேரே தன்னிடம் தரச் சொல்லியிருந்தார். நேரே என்றால் எங்கள் ஊரில் கிளாக்கர் வழியாக என்று அர்த்தம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவரே பேனாவும் மைப்பெட்டியுமாக நின்றார்.

“ஒண்ணுமில்ல, ஓடிட்டுக்கு. வை, வை.”

ஆபீஸ் காகிதம் வந்தால் கையை நீட்டுவது எங்கள் பழக்கம். நாலு தலைமுறையாக நீட்டுகிறோம். நாற்பது கடிதமும் பத்து நிமிசத்தில் முடிந்தது.

என் கடிதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்த மாதக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. சேவைக்காலப் பணம் வந்தால் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் போடலாம் என்றிருந்தேன். கடிதமோ, முந்தின தீபாவளி அட்வான்ஸ் இருபதாயிரத்தில் ஒரு சதம்கூட நான் கட்டவில்லை என்றது. ஒப்பம் வைத்தால் அது சேவைக்காலப் பணத்தில் கழியும்.

நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியபோது எனக்கு வாசிக்கக் கிடைத்த ஒரே புத்தகம் சம்பளத் துண்டுதான். அதனால் ஒன்றையும் எறியவில்லை. பத்து மாதம் பிடித்ததற்கும் பத்துத் துண்டு இருந்தது.

மறுநாள் அவற்றை ஓடிட்டர் மேசையில் வைத்தேன். கிளாக்கர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சண்முகவடிவு, ஒனக்கு மட்டும் பதிய விட்டுப்போச்சு. இப்பவே கடன அடிச்சுர்றேன். குறையில்லன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“மத்தவங்களுக்குங்க?”

“அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே.”

ஓடிட்டரும் தலையைச் சொறிந்தார். “நாற்பது பேர் சரின்னு சொல்லியிருக்காங்கம்மா. ஒண்ணுதான் பிழைன்னா, மிச்சம் எல்லாமே சரின்னுதான் நான் எடுக்கணும்.”

நான் கையெழுத்துப் போடாமல் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். போட்டிருந்தால் இருபதாயிரமும் கைக்குள் வந்த மாதிரிதான். ஆனால் லயத்தில் எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. என் தலைக்கு மேல் மட்டும் தகரம் போட்டால் அடுத்த வீட்டு மழை என் அடுப்பில் வந்து விழும். அந்த அடுத்த வீட்டுக்காரி அழகம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“சம்பளத் துண்டு வச்சிருக்கியாடி?”

“அதெல்லாம் அடுப்பு மூட்டவே காணாதுக்கா.”

“நீயும் இருபதாயிரத்துக்கா கை வச்ச?”

“எனக்கு இருபது. அவருக்கு இருபது.”

“எவருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்குத்தான். அவரு பேருலயும் ஒரு காயிதம் வந்துச்சு. வையின்னாங்க, வச்சேன். செத்துட்டாருன்னா தெரியாது ஆபீசுக்கு? அவுங்கதானே சவப்பொட்டி குடுத்தாங்க.”

அவள் புருசன் அந்தத் தீபாவளிக்கு நாலு மாதம் முன்பே செத்துப்போனவர். செத்த பிறகும் ஆபீசில் போய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவ்வளவு சுறுசுறுப்பில்லை.

மரணச் சான்றிதழோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அவள் கேட்டாள், “ஒங்க கடன அடிச்சுர்றேன்னு கிளாக்கரு சொன்னாராமே, நீங்க ஏன்க்கா அலையிறீங்க?”

“பேசாம வாடி.”

கிஷாந்த் ஐயா சான்றிதழின் திகதியைப் பார்த்தார். அட்வான்ஸ் திகதியைப் பார்த்தார். பிறகு கைநாட்டை.

“இது யாரோடது?”

“என்னோடதுங்க ஐயா. கேட்டாங்க, குடுத்தேன்.”

குடும்பத்தார் வைத்தால் செல்லும் என்று கிளாக்கர் ஏதோ தொடங்கினார். ஓடிட்டர் நாற்பது கடிதத்தையும் தன் பைக்குள் போட்டுப் பூட்டினார். அறுநூறு பேரின் சம்பளப் பதிவையும் கொண்டுவரச் சொன்னார். மதியமே கிளாக்கர் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தார்.

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். பிடித்த பணம் புத்தகத்தில் ஏறவேயில்லை, வேறெங்கோ போயிருக்கிறது. பொய்க் கடனை எல்லாம் தள்ளிப் பார்த்தால், தோட்டத்துக்கு வர வேண்டிய பணம் ஒன்பதே நாளில் வந்துவிடுகிறதாம். இந்த மலையிலேயே நாங்கள்தான் ஒழுங்கான கடன்காரர்கள்.

“நல்லதுங்க ஐயா. என்னோட சேவைக்காலப் பணம்?”

ஓடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விசாரணை முடியும் வரைக்கும் எல்லாருடையதையும் நிறுத்தி வச்சிருக்காங்கம்மா. அன்னைக்கே அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்கும்.”

“தெரியுங்க. கம்பெனிக்கு வர வேண்டியது வர்றதுக்கு ஒன்பது நாள். கம்பெனி எங்களுக்குத் தர வேண்டியதுக்கு எத்தனை நாளுன்னும் கணக்குப் போடுவீங்களா?”

“போடலாம். யாரும் கேக்கிறதில்ல.”

“நான் கேக்குறேன். எழுதுங்க.”

அவர் பக்கத்தின் ஓரத்தில் என் பெயரையும் என் கடைசி வேலை நாளையும் எழுதினார். நாள் கணக்குக்கு ஒரு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டார்.