பவளக்கா போன பாத்திமா

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்கு வெள்ளைத் துணிக்கீலத்தோடு குனிந்த நாகேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். அக்காவின் வலது பெருவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. இடது காலில் சின்னவிரலுக்கு நகமே இல்லை. குதிக்கால்கள் காய்த்துப்போய், தொட்டால் பலகை மாதிரி இருந்தன. அதையும்விடப் புதினம், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே சுற்றிவர ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அக்காவின் சொந்த நிறம். மேலே வெயில் பட்டுக் கறுத்த தோல்.

பவளராணிக்கு எங்கே வெயில் பட்டது? பரிஸ் நகரத்து ஓரம், ஒபர்வில்லியேயில் ஒரு தையல் பட்டறை. காலையில் மெஷினுக்கு முன்னால் இருந்தால் பின்னேரம்தான் எழும்புகிற வேலை. முந்தநாள் அந்த மெஷினிலேயே தலையைச் சாய்த்தவள்தான், பிறகு எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலிலிருந்து அடுத்த மெத்ரோவுக்கு நடக்கச் சொன்னாலே, "ஐயோ பிள்ளை, என்னாலை ஏலாது" என்று பஸ்சுக்கு நிற்கிற ஆள். அப்படிப்பட்டவளின் கால் இது இல்லை. வேறு யாருடையதையோ மாற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களோ என்று நாகேஸ்வரி ஒருமுறை முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முகம் அக்காவினுடையதுதான்.

"என்னப்பா, முடிஞ்சுதே? சனம் வந்திட்டுது," என்று கதவுக்கு வெளியே நின்று கணவர் தவரத்தினம் கேட்டார்.

"பொறுங்கோ, வாறன்."

விரல்களைக் கட்டி, சேலைக் கரையை இழுத்து அந்தக் கால்களை மூடினாள். மற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம்.

சனம் வந்திருந்தது என்றால் சாதாரணச் சனமில்லை. வில்லியே லே பெல், கூசேன்வில் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். கலியாணம் முடிக்காத ஒரு தையல்காரிக்கு இவ்வளவு பேரா என்று மண்டபத்துக்காரனே கேட்டான். காரணம் பாத்திமா மாதா.

அது 2009 ஆடி மாதம் தொடங்கியது. ஊரில் எல்லாம் முடிந்து, லா சப்பலில் ஆளுக்காள் முகம் பார்க்கப் பயந்து திரிந்த நேரம். நாகேஸ்வரிக்கு அதோடு இன்னொரு கவலையும் இருந்தது. மகள் விதுஷாவுக்கு இரண்டரை வயது. பிடித்து நிறுத்தினால் மடிந்து இருந்துவிடுவாள். டொக்டர்மார் பொறுங்கோ பொறுங்கோ என்றார்கள். எத்தனை நாள் பொறுப்பது? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று, முருகனுக்கும் வைத்தாயிற்று. அப்போதுதான் அக்கா, "எங்கடை கட்டடத்தைப் பாக்கிற கொன்சியேர்ஜ் லூசியா ஒரு குறூப்போடை போர்த்துக்கல் போறாளாம். நானும் போறன்" என்றாள். போர்த்துக்கல் என்றால் பாத்திமா, மாதா காட்சி கொடுத்த ஊர். லூர்துக்குப் பஸ் பிடித்துப் போகிற யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு இதை ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

நாகேஸ்வரியின் பலசரக்குக் கடைக்கு வழமையாக வருகிற பாண்டிச்சேரிப் பிலோமினாதான் மெழுகில் செய்த சின்னக் கால் ஒன்று தேடி வாங்கித் தந்தாள். தபால் கந்தோரில் வேலைசெய்து பென்சன் எடுத்தவள், கத்தோலிக்கப் பெண், இந்த விசயங்களெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. அந்தக் காலை அக்காவின் கையில் கொடுத்து நாகேஸ்வரி நேர்ந்தாள்: "என்ரை பிள்ளை நடந்தால், அவளையும் கூட்டிக்கொண்டு உன்னட்டை நடந்து வருவன், தாயே."

அக்கா திரும்பி வந்த கிழமை, கடையில் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு விதுஷா எழும்பினாள். மூட்டையை விட்டாள். நடந்தாள்.

பிறகு கேட்கவா வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் பவளக்காவின் பைக்குள் லா சப்பலின் பாதிக் கவலை போனது. கார்ட் செஜூர் என்கிற வதிவிட அட்டை கிடைக்க மெழுகுதிரி, மகனுக்குக் கலியாணம் பொருந்த மெழுகுதிரி, மாமியார் வேறு வீடு பார்த்துப் போக மெழுகுதிரி. பிலோமினாவும் வருசம் தவறாமல் கொடுத்துவிட்டாள். அநேகம் பேருக்குக் கேட்டது கிடைத்தது. மாமியார் மட்டும் போகவில்லை.

நேர்ந்தவளுக்குத்தான் வழி இல்லை. "இந்த முறை நானும் பிள்ளையும் வாறம் அக்கா" என்றால் அக்கா சீறி விழுவாள். "உனக்கென்ன விசரே? கடையை ஆர் பாக்கிறது? மாதாவுக்கு நான் சொல்லியிருக்கிறன். அவ கோவிக்கமாட்டா." வருசா வருசம் இதே கதை. புண்ணியத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நாகேஸ்வரி மனதுக்குள் அக்காவைத் திட்டியிருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்த நேர்த்தியின் நினைப்புத்தான் முதலில் வரும். இப்போது விதுஷாவுக்குப் பன்னிரண்டு வயது. கடன் அப்படியே கிடக்கிறது. கூட்டிப் போக இருந்த ஒரே ஆளும் பெட்டிக்குள்.

ஐயர் கிரியையைத் தொடங்கிச் சிறிது நேரத்தில் வாசலில் ஒரு சலசலப்பு. ஏழெட்டு வெள்ளைக்காரர் வந்து நின்றார்கள். எல்லாரும் வயதானவர்கள். கறுப்பு உடுப்புக்குக் கீழே தடித்த மலைச் சப்பாத்து. இரண்டு பேரின் கையில் ஊன்றுகோல்.

"மண்டபம் மாறி வந்திட்டினம் போலை. பக்கத்து மண்டபத்தைக் காட்டிவிடட்டே?" என்று தவரத்தினம் எழும்பினார்.

"சும்மா இருங்கோப்பா. அது லூசியா."

லூசியா நேரே வந்து நாகேஸ்வரியைக் கட்டிப்பிடித்து மூன்று தரம் முத்தமிட்டு அழுதாள். பின்னால் நின்ற நெட்டை மனிதரைக் காட்டி, "இவர் எமில், எங்களைக் கூட்டிப் போகிறவர்" என்று பிரெஞ்சில் சொன்னாள். அக்காவின் யாத்திரைக் குழு! நாகேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. எமிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்திமாவுக்கு அக்காவைக் கூட்டிப் போன உங்களுக்குக் கோடி புண்ணியம், மிசியூ."

எமில் லூசியாவைப் பார்த்தார். லூசியா எமிலைப் பார்த்தாள்.

"பாத்திமாவா? நாங்கள் ஒருநாளும் பாத்திமாவுக்குப் போனதில்லையே" என்றார் எமில். "நாங்கள் நடக்கிற ஆட்கள், மதாம். லூசியாவின் ஊர்ப்பக்கம். மலை, திராட்சைத் தோட்டம், ஆட்டுப் பாதை. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு."

நாகேஸ்வரி பிடித்த கையை விட்டாள். இதற்குள் பின்னாலிருந்து பெண்கள் நெருக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இவையே பாத்திமா ஆக்கள்? நாகேஸ், கேளும், போன வருசம் நான் குடுத்த திரி கொளுத்தினதோ எண்டு."

"என்ரையையும் கேளுங்கோ. மகனுக்கு இன்னும் விசா வரேல்லை."

கடவுளே, இதைச் சொல்லவா? வேலை செய்கிற கையும் நேர்மையான வாயும் தவிர ஒன்றுமில்லாமல் வாழ்ந்தவள் அக்கா. பெட்டியை மூடுவதற்கு முன்னாலேயே அவள் பெயர் நாறிப்போகும். பவளம் ஊர்ச்சனத்தின் நேர்த்தியை வாங்கிக்கொண்டு போய் ஊர் சுற்றினாளாம் என்று நாளைக்கு லா சப்பல் சந்தியில் நின்று கதைப்பார்கள். அதற்குள் பிலோமினா வேறு பக்கத்தில் வந்து நின்றாள். மற்றப் பெண்களுக்கு லூசியாவின் வேகமான பிரெஞ்சு பிடிபடாது; பிலோமினாவுக்கு ஒரு சொல் தப்பாது.

என்றாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒரு மெழுகுக்கால் கொண்டுவந்தாளே, அது எங்கே?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

லூசியாவின் முகம் மலர்ந்தது. அழுத கண்ணோடேயே சொன்னாள். முதல் வருசம் பவளம் சேலையும் செருப்புமாக வந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், "மாதா கோயில் எப்ப வரும்?" என்று கேட்டாள். இது அந்தப் பயணம் இல்லை என்றதும் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, மெழுகுக்காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மலைக்கு மேலே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது என்று எமில் கையைக் காட்டினார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள்.

"மாதா கோயிலா?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

லூசியா கொஞ்சம் தயங்கினாள். "இல்லை. அது மாடுகளைக் காப்பாற்றுகிற புனிதர். சுவர் முழுக்க மாட்டுக்கால், ஆட்டுக்கால் எல்லாம் மெழுகில் செய்து தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் உங்கள் மகளின் காலையும் கட்டினாள். வீட்டுக்குப் போனதும் பிள்ளை நடந்துவிட்டதாம். அதற்குப் பிறகு வேறு எந்தக் கோயிலுக்கும் போகமாட்டேன் என்றுவிட்டாள். ஒவ்வொரு வருசமும் அந்த மலையில் ஏறி, ஒவ்வொரு திரியாகப் பெயர் சொல்லிக் கொளுத்துவாள். நாங்கள் எல்லாரும் அது முடியும்வரை வெளியே இருந்து ரொட்டி சாப்பிடுவோம்."

மாட்டுச் சாமி! லா சப்பலின் விசாவும் கலியாணமும் மாமியாரும் பத்து வருசமாக மாட்டுச் சாமியிடம் போயிருக்கின்றன! நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டில், அக்காவின் தலைமாட்டில், அடக்க முடியாத சிரிப்பு. சேலைத் தலைப்பை வாயில் அமுக்கினாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது.

"என்னவாம்? என்னவாம்?" என்று பெண்கள் நெருக்கினார்கள்.

நாகேஸ்வரி பிலோமினாவைப் பார்த்தாள். கோபப்பட ஒருவருக்கு உரிமை இருந்தால் அது பிலோமினாவுக்குத்தான். அவள் கொடுத்த திரிகள் எல்லாம் மாதாவுக்கென்றே மந்திரித்த திரிகள். பிலோமினா உதட்டை இறுக்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். நாகேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் ஏத்தினாங்களாம்மா. ஒண்ணுகூட விடலையாம். அவங்கவங்க பேரைச் சொல்லிச் சொல்லி. மலைமேல, வெறுங்கால்ல நடந்து போயி."

"ஐயோ, என்ரை பவளக்கா!" என்று ஒருத்தி ஓவென்று அழ, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மண்டபத்தில் அதுவரை அப்படி ஒரு அழுகை எழும்பியிருக்கவில்லை.

நாகேஸ்வரி பிலோமினாவின் கையைப் பிடித்தாள். "பொய்யொண்ணும் சொல்லலையே நானு" என்றாள் பிலோமினா மெதுவாக. "அது என்னா சாமியாம்? மாட்டுக்கா? நல்லாருக்கு போ."

பூப்போடும் வரிசை நகர்ந்தது. நாகேஸ்வரி லூசியாவை ஒரு பக்கமாக இழுத்தாள். "எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் அவளின் தங்கச்சி."

"உங்கள் மகளை எப்படியாவது கூட்டி வரவேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆனால் பயம். அங்கே போய் மாட்டுக்கால்களைப் பார்த்தால் தங்கச்சி உடைந்துபோவாள், பாத்திமாவில் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனால் நேர்த்தி வேறு ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும், நான் என்ன செய்ய லூசியா என்று என்னைப் பிடுங்குவாள்."

விசரி. பத்து வருசம் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நாகேஸ்வரிக்கு அக்காவை உலுப்பி எழுப்பி நாலு ஏச்சு ஏசவேண்டும் போல ஆத்திரம் வந்தது. அதேயளவு பாசமும் வந்தது.

"பரிஸில் ஒரு சந்திகூட நடக்கமாட்டாளே" என்றாள்.

"பரிஸில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்பாள்" என்று லூசியா சிரித்தாள். "அங்கே அவள்தான் எங்கள் கடைசி ஆள். எமில் முன்னால் போவார். ஒருவரும் தவறிப்போகாமல் எல்லாருக்கும் பின்னால் வருகிறது பவளம். யாருக்காவது கால் நொந்தால் அவளும் நிற்பாள். திருப்பத்துக்குத் திருப்பம் எமில் நின்று கையைத் தூக்குவார். எல்லாரும் வந்தாயிற்று என்றால் அவளும் தூக்குவாள். அதற்குப் பிறகுதான் நடப்போம்."

பெட்டியை மூடினார்கள். மண்டபத்துக்கும் எரிக்கிற கட்டடத்துக்கும் நடுவில் மரங்கள் நின்ற ஒரு நீளமான பாதை. தவரத்தினமும் நாலு பேரும் பெட்டியோடு முன்னால் போனார்கள். விதுஷா பெரியம்மாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள். அதற்குப் பின்னால் ஊர்ச்சனம். கடைசியாக அந்த வெள்ளைக்காரர்கள், ஒருவருக்கும் சொல்லாமலே ஒற்றை வரிசையாக.

பாதை திரும்புகிற இடத்தில் எமில் வரிசையை விட்டு விலகி நின்றார். பழக்கம். திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் அவருக்கே விளங்கியிருக்கவேண்டும். கையை இறக்கவும் முடியவில்லை. அவருடைய ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்து முன்னால் போன சனமும் ஒன்றும் விளங்காமல் நின்றது.

"என்னப்பா, ஏன் நிக்கினம்? நாகேஸ் எங்கை?" என்று தவரத்தினத்தின் குரல் கேட்டது.

நாகேஸ்வரி முன்னால் இல்லை. பிலோமினாவுக்கு மூட்டுவலி. அவள் மெதுவாக வரட்டும் என்று கூட நின்று, எல்லாரும் கடந்துபோக, கடைசியாக வந்துகொண்டிருந்தாள். தூரத்தில் தூக்கிய கையைப் பார்த்தாள். தனக்குப் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். வெறும் பாதை.

கையிலிருந்த பூத்தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை நன்றாக உயர்த்தினாள்.

எமில் தலையை ஆட்டிவிட்டு முன்னால் திரும்பினார். வரிசை நடக்கத் தொடங்கியது.