தேய்ந்து முடிகிற பாட்டு

1

ஒரு பத்திரிகையில் கேட்டார்கள்: உங்களுக்குப் பிடித்த பழைய ராக் பாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை, சொந்த அனுபவமாக இருந்தால் நல்லது. தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

(இளமையின் கலகக்குரலாக ஒலித்த அந்த கிட்டார்— வேண்டாம். கலகம் செய்ய எங்கள் வீட்டில் நேரம் கொடுக்கவில்லை.)

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்தவற்றில் பாதிப் பாட்டுகள் முடிவதே இல்லை. பாடகர் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். இசைத்தட்டில் இது சுலபம், யாராவது ஒருவர் குமிழைத் திருகினால் போதும். மேடையில் வாசிப்பவர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியில் கட்டுரை குடை சாய்ந்து கதையாகிவிட்டது. பத்திரிகைக்கு இன்னும் சொல்லவில்லை.

2

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் டிரம்ஸ் வாசிக்கிறார். அவருடைய அக்காவின் கணவர் பல் டாக்டர். கிட்டாரும் பாட்டும் அவருடையவை. பேஸ் கிட்டாருக்கு வங்கிக்காரர் ஒருவர் உண்டு. அவர் இந்தக் கதைக்குத் தேவையில்லை, அது தெரிந்தவர்போல ஓரமாகவே நிற்பார். ஞாயிறு மதியங்களில் டாக்டரின் கிளினிக்கில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு ஒத்திகை.

மச்சான்கள் இருவருக்கும் ஒரு ரயில் பாட்டில் தீராத தகராறு. இசைத்தட்டில் அது தேய்ந்து முடிகிறது. டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். கிட்டாரின் கழுத்தை உயரத் தூக்கி ஒரே வெட்டாக இறக்குவார், எல்லோரும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

"பல்லப் புடுங்குற மாதிரி புடுங்காதீங்க மச்சான். அது தானா அடங்கணும்."

"நீ முதல்ல தாளத்தப் பாருடா."

3

கடைக்காரருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. காது கேளாத இசைக்காரர் என்பது அரைத்த மாவு. முழங்கால் வலி கொடுத்துப் பார்த்தேன், கதை நகரவில்லை.)

பெரிய சத்தம் இன்னும் கேட்கிறது. சின்னச் சத்தம் போய்விட்டது. மிஷின் மாட்டுங்கள், டிரம்ஸை விடுங்கள் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணாடி போட வெட்கப்படுபவரை "இதுல என்ன சார் இருக்கு, முகத்துக்கே ஒரு களைதான்" என்று பேசியே மடக்குகிற மனுஷன், பட்டாணி அளவு மிஷினுக்கு வெட்கப்பட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் குச்சிகள் அன்றே பரணுக்குப் போய்விடும். கடையில் வருபவர்களின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்கிறார். டிரம்ஸ் முன்னால் உட்காரும் அந்த முக்காலியை மட்டும் அவரால் விட முடியாது. அதில்தான் அவர் சந்தோஷமாக இருக்கிறார்.

(கட்டுரைக்கு வைத்திருந்த ஒன்று: தேய்ந்து முடிகிற பாட்டில் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் வேகம் குறையாமல் வாசித்துக்கொண்டுதான் இருப்பார்கள். குறைவது கேட்கிறவருக்குத்தான். கடைக்காரருக்கு இப்போது ஊரே அப்படி.)

ஆக, வருஷக்கணக்காகத் திட்டிய அந்த வெட்டுதான் இன்று அவரைக் காப்பாற்றுகிறது. அது கண்ணுக்குத் தெரிகிறதே!

4

பல் டாக்டர்கள் சங்க ஆண்டு விழா. மேடை ஏறும் முன் டாக்டர் கடைக்காரரின் தோளில் கை போட்டார்.

"இன்னைக்கு உன் இஷ்டம்டா மச்சான். வெட்ட மாட்டேன், தேயட்டும்."

கடைக்காரர் அவசரமாகக் கையாட்டினார். "வேணாம் மச்சான். வெட்டுதான் நல்லாருக்கு."

"இத்தனை வருஷம் என் உசுர வாங்கிட்டு இப்ப என்னடா? உங்கக்கா வேற, ஒரு தடவையாவது அவன் பேச்சக் கேளுங்கன்னு ஒரே பிடிவாதம்."

சொல்லிவிடு ஐயா என்று நானும் இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதினேன். அவர் வாயைத் திறந்தார்.

"தண்ணி இருக்கா மச்சான்?" என்றார்.

5

பாட்டு கடைசி வரிக்கு வந்துவிட்டது. டாக்டர் குரலை இறக்குகிறார். கடைக்காரரும் குத்துமதிப்பாகக் கையைத் தணிக்கிறார். முதலில் கிட்டார் போயிற்று, பிறகு குரல், பிறகு அவருடைய தட்டலே அவருக்குக் கேட்காமல் போயிற்று.

முதல் முடிவு: எல்லோரும் நிறுத்திய பிறகும் இவர் மட்டும் தட்டிக்கொண்டிருக்க, சபை அதை மேதைமை என்று நினைத்துக் கைதட்டுகிறது. (பல் டாக்டர்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை.)

இரண்டாவது: டாக்டருக்கு எல்லாம் முன்பே தெரியும், வேண்டுமென்றேதான்— (அடித்துவிட்டேன். அக்காவுக்கு யார் பதில் சொல்வது?)

நடந்தது இதுதான். சபையைப் பார்த்து நின்ற டாக்டர் தலையை மட்டும் பின்னால் திருப்பினார். அவர் கை கம்பியில் இருக்கிறதா இல்லையா என்பதை அவர் முதுகே மறைத்தது. கடைக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார். அது "போதும் மச்சான்" ஆக இருக்கலாம். "போடு மச்சான்" ஆகவும் இருக்கலாம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதாக இருந்து அவர் அடித்தால் குட்டு உடைந்தது. இரண்டாவதாக இருந்து நிறுத்தினாலும் உடைந்தது. முக்காலி போய்விடும்.

எழுதுகிறவன் நான், எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்காததை உங்களுக்கு மட்டும் சொல்ல மனம் வரவில்லை. குச்சி மேலே நிற்கிறது. அடிக்கவா வேண்டாமா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வாயை நன்றாகத் திறந்து சொல்லுங்கள், அவர் உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.