முதுகு காட்டாத நடிகை

வங்காலைக் கோயில் முன்றலில் இருபது வருடம் கூத்து ஆடியவள் நான். சனத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்பது ஆட வந்த முதல் நாளே உடம்பில் ஏறிய பாடம். இந்தப் படத்தில் அதே பாடம் என் வாயில் மண்ணைப் போடப் பார்த்தது.

நோரா ஓர் அமெரிக்க நாவலாசிரியர், அங்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். காணாமல்போன மகனைத் தேடும் தாயைப் பற்றி அவர் எழுதிய நாவலை, கொழும்பு இயக்குநர் ஒருவர் எங்கள் கரைக்கு மாற்றிப் படமாக எடுத்தார். திரைக்கதையையும் நோராவே எழுதியிருந்தார். அந்தத் தாய் வேடம் எனக்கு.

அன்று கந்தோர்க் காட்சி, மகனைத் தேடித் தரும்படி அரச அலுவலகத்தில் போய்க் கேட்கிற இடம். மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரியைப் பார்த்து நான் பேச வேண்டும். பேசத் தொடங்கினால் போதும், முகம் தானாகக் கமராப் பக்கம் திரும்பிவிடும். ஒன்பது தடவை இதே கூத்து.

"பெற்றிசியா அக்கா, கமராவைப் பாக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்றது? பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி சென்னையில இருந்து வேற ஆளைக் கூப்பிடுவன்," என்றார் இயக்குநர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாயை நான் ஒருத்திக்கும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆனால் இந்தப் பாழாய்ப்போன கழுத்து சொல்வழி கேட்டால்தானே.

ஏன் அப்படித் திரும்புகிறேன் என்று, படப்பிடிப்பில் கூடவே இருந்த நோரா விசாரித்தார். கூத்துக் கதையைச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த றொஷேல் அதை அவருக்குச் சொல்ல, மனுசி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் இறுகியது.

"முந்தி இவவின்ர ரெண்டு நாவலைப் படமாக்கினவங்களாம், அக்கா. ரெண்டிலயும் தாய்மாரை மூலையில நிண்டு அழ விட்டுட்டாங்களாம். இந்த முறை விடமாட்டாவாம்," என்றாள் றொஷேல்.

நோரா நேரே போய், அதிகாரியாக நடித்தவரை எழுப்பினார். அவருடைய கதிரையை இழுத்துவிட்டு அந்த இடத்தில் கமராவை வைக்கச் சொன்னார்.

"படம் பாக்கிற சனம் முழுக்க அந்தக் கதிரையில இருக்கட்டாம்," என்றாள் றொஷேல்.

இயக்குநர் முறுமுறுத்துக்கொண்டே வைத்தார்.

இனி நான் பார்க்க வேண்டியது சனத்தைத்தான். அது எனக்குப் புதிதா என்ன? எழுதிய வசனம் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடிந்தும் வாய் நிற்கவில்லை.

"எழும்புங்கோ, சேர். ஒரு தாய் நிண்டுகொண்டு கேக்கிறன். நீங்கள் இருந்துகொண்டு இல்லையெண்டு சொல்லாதேங்கோ."

றொஷேல் அதை நோராவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். தன் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற விடாத நோரா, தன் கடைசி வசனத்தைக் கோடிழுத்து வெட்டினார். அதே இடத்தில் என்னுடையதை எழுதச் சொல்லி றொஷேலிடம் பேனையை நீட்டினார். எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சென்னைக்காரியைக் கூப்பிடுறியளோ, தம்பி?"

"இல்லை, அக்கா," என்றார் இயக்குநர். கமராவுக்குப் பின்னால் அவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார்.